காரின் சின்ன லைட்டுக்கு எல்இடி பல்ப்: தேர்ந்தெடுப்பது முதல் மாட்டுவது வரை

என் மேசை மேல் செத்துப்போன எல்இடி பல்ப் ஒன்று கிடக்கிறது. பட்டாணி அளவுத் தலை, கீழே தட்டையான பிளாஸ்டிக் கால், காலின் இரு பக்கமும் மடித்துவிட்ட மெல்லிய கம்பி. என் மைவி காரின் இடது பக்கச் சின்ன லைட்டில் எட்டு மாதம் உழைத்தது, அவ்வளவுதான். குறடால் காலை உடைத்து உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை வெளியே எடுத்தேன். நடுவில் காப்பி நிறத்துக்குக் கருகியிருக்கிறது. மிளகில் பாதி அளவு மின்தடை ஒன்று, ஒரு பக்கம் ஈயம் விட்டுப்போய், தூக்கிக்கொண்டு நிற்கிறது. சரி, எல்இடி என்ன ஆனது என்று பார்க்க 3 வோல்ட் வில்லை பேட்டரியை அதன் இரு முனைகளிலும் வைத்தேன். எரிந்தது.

எல்இடி அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதைச் சுற்றியிருக்கும் மின்தடை, ஈயப் பற்று, கால் கம்பி ஆகியவைதான் சூடு தாங்காமல் முதலில் போகின்றன. ஆனால் கடையில் நாம் கேட்பது "எது ரொம்ப வெளிச்சம்?" என்ற கேள்வி. வெளிச்சம் கூடினால் சூடும் கூடும். அதனால்தான் நாம் ஆசையாக வாங்குவதே முதலில் சாகிறது. இந்த வழிகாட்டியில் பல்பைச் சூட்டையும் சர்க்யூட்டையும் வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்கிறேன்.

சின்ன லைட் என்பது ஹெட்லைட் சுவிட்சை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் முன்னால் எரிவது. பார்க்கிங் லைட் என்றும், மலாயில் லம்பு கெச்சில் என்றும் சொல்வார்கள். அதோடு பின்னால் சிவப்பு விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து எரியும். அதன் வேலை நமக்குப் பாதையைக் காட்டுவது அல்ல. நம் காரை மற்றவர்களுக்குக் காட்டுவது. தைப்பூச இரவில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பக்கம் சாலையோரம் காரை நிறுத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் நடந்து வருகிறவர், மோட்டார் சைக்கிளில் வளைந்து வருகிறவர், எல்லாருக்கும் அந்த விளக்கு தெரிய வேண்டும். மழையில் பினாங்கு பாலத்தில் சின்ன லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கிறேன். எந்த எல்இடி போட்டாலும் அது ஹெட்லைட் ஆகாது. மழை வந்தால் ஹெட்லைட்டைப் போடுங்கள்.

முதல் படி: பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள்

கடைக்குப் போய் "மைவிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் காரில் இருப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். இங்கே மலேசியாவில் ஓடும் பெரும்பாலான புரோட்டான், பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டா கார்களில் அது டி10 எனப்படும் கண்ணாடிக் கால் பல்ப். உடம்பின் குறுக்களவு சுமார் 10 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். ஐரோப்பியப் பெயர் டபிள்யூ5டபிள்யூ. 12 வோல்ட், 5 வாட். பிரிட்டிஷ்காரர்கள் 501 என்பார்கள், அமெரிக்கர்கள் 194 என்பார்கள். ஆன்லைனில் தேடும்போது இந்தப் பெயர்கள் எல்லாமே வரும். மாட்டும் கால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பானட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்பக்கம் பாருங்கள். பெரிய ஹெட்லைட் பிளக்குக்குப் பக்கத்தில், இரண்டு வயர் மட்டும் போகும் சின்ன பிளாஸ்டிக் ஹோல்டர் இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பினால் பல்போடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சில கார்களில் பேட்டரியோ, வாஷர் தண்ணீர்த் தொட்டியோ இடைஞ்சலாக இருக்கும். சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பை விலக்கிக் கையை விட வேண்டிய கார்களும் உண்டு. இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பல்பை ஹோல்டரிலிருந்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது. பல வருடம் கழற்றாமல் இருந்தால் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் கையுறை போட்டுப் பிடித்தால் வழுக்காது, உடைந்தாலும் கையைக் கிழிக்காது.

கண்ணாடிக் கால் இல்லாமல் உலோகக் காலும் பக்கத்தில் இரண்டு சின்ன முளையும் இருந்தால் அது வேறு ரகம். பழைய ஐரோப்பிய கார்களில் டி4டபிள்யூ வரும். முளைகள் சரிசமமாக இல்லாமல் கோணலாக இருந்தால் எச்6டபிள்யூ. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. ஹோல்டரே இல்லாமல், ஹெட்லைட்டோடு ஒன்றாக எல்இடி பதித்து வந்த புது மாடல்களுக்கு இந்த வேலையே இல்லை.

கழற்றிய பல்பின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண டி10 முழு நீளமே சுமார் 27 மில்லிமீட்டர்தான். சந்தையில் கிடைக்கும் சில எல்இடி பல்புகள் இதைவிட நீளம், இன்னும் சில 10 மில்லிமீட்டரைவிடத் தடிமன். நீளமாக இருந்தால் முன் கண்ணாடியிலோ, வெளிச்சத்தைப் பரப்பும் பளபளப்பான கிண்ணத்திலோ (ரிஃப்ளெக்டர்) இடிக்கும். தடிமனாக இருந்தால் ஓட்டைக்குள் நுழையாது. அழுத்தி நுழைத்தால், திரும்ப எடுக்கும்போது என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது படி: உங்கள் கார் பல்பைச் சோதிக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் தப்பான பல்பை வாங்குகிறார்கள். ஒரு பக்கப் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஹோல்டரை வெறுமனே விட்டு, இன்ஜினை ஓடவிட்டுச் சின்ன லைட்டைப் போடுங்கள். மீட்டர் பலகையில் விளக்கு எச்சரிக்கை வந்தால், உங்கள் காரில் பல்பைச் சோதிக்கும் கணினி இருக்கிறது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றில் இது சாதாரணம். எதுவுமே வரவில்லை என்றால் சோதனை இல்லை. பழைய மைவி, சாகா எல்லாம் இந்த வகைதான்.

கணினி உள்ள காருக்குத்தான் கேன்பஸ் பல்ப் என்று விற்கப்படுவது தேவை. அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 5 வாட் பழைய பல்ப் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். எல்இடிக்கு 0.1 போதும். இவ்வளவு குறைவாக இழுத்தால் "பல்ப் போய்விட்டது" என்று கணினி முடிவு செய்யும். ஆகவே பல்புக்குள் கூடுதல் மின்தடைகளை வைத்து, வெளிச்சம் தராத மின்சாரத்தை வேண்டுமென்றே எரிக்கிறார்கள். அது அப்படியே சூடாக மாறுகிறது. அதுவும் பட்டாணி அளவு இடத்துக்குள், எல்இடிக்கு முதுகுப் பக்கம். நான் உடைத்துப் பார்த்த பல்பில் கருகிய இடம் இந்த மின்தடைகள் இருந்த இடம்தான்.

கடையில் கேன்பஸ் என்றால் உயர்ந்த ரகம் என்று சொல்லி இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) கூட வாங்குவார்கள். என் மைவிக்கு அது தேவையே இல்லை. இல்லாத கணினியை ஏமாற்றுவதற்காக எட்டு மாதம் வெட்டியாகச் சூடேறிச் செத்திருக்கிறது. உங்கள் காரில் எச்சரிக்கை வரவில்லை என்றால் கேன்பஸ் இல்லாத பல்பை வாங்குங்கள். எச்சரிக்கை வந்தால், இந்த வேலையில் பணத்தை மிச்சம் பிடிக்கவே வேண்டாம். நல்ல நிறுவனத்தின் கேன்பஸ் பல்பை வாங்குங்கள், அல்லது பழைய பல்பையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கார்கள் விளக்கு அணைந்திருக்கும்போதும் சின்னச் சின்ன மின் துடிப்பு அனுப்பிச் சோதிக்கும். பழைய பல்பின் இழை அதற்குச் சூடேறாது, எல்இடியோ கண் சிமிட்டும். இரவில் பூட்டிய காரில் லைட் மின்னுகிறது என்று பயப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது படி: வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது?

வெளிச்சத்தின் அளவை லூமன் என்பார்கள். பழைய டி10 பல்பின் வெளிச்சம் சுமார் 50 லூமன். அவ்வளவுதான், அது போதும் என்றுதான் அந்தக் கிண்ணத்தை வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டியில் 800 லூமன், 10 வாட் என்று போட்டிருந்தால் ஒன்று அது பொய், அல்லது உண்மையாக இருந்து பல்ப் வெந்துபோகும். அந்தச் சின்ன உடம்பு தொடர்ந்து தாங்கக்கூடியது ஒன்று, ஒன்றரை வாட். மிஞ்சிப் போனால் இரண்டு.

லூமனைவிட முக்கியம், எல்இடிகள் எந்தத் திசையைப் பார்த்து இருக்கின்றன என்பது. பழைய பல்பில் இழை நடுவில் இருந்து எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும். பின்னால் இருக்கும் கிண்ணம் அதைப் பிடித்து முன்னாலும் பக்கத்திலும் பரப்பும். எல்இடி ஒன்று மட்டும் உச்சியில் முன்னோக்கி இருந்தால், கிண்ணத்துக்கு வெளிச்சமே போகாது. நேராக நின்று பார்த்தால் கண்ணைக் கூசும் ஒரு புள்ளி தெரியும். இரண்டடி விலகி நின்றால் இருட்டு.

அதனால் பக்கவாட்டில் நாலு புறமும் எல்இடி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் ஒன்று கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. பழைய பல்பின் இழை எந்த உயரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அதே உயரத்தில் எல்இடி வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். தோசைக்கல் மாதிரி தட்டையாக முன்பக்கம் முழுதும் எல்இடி அடுக்கியது அழகாகத்தான் இருக்கும். எண்ணிக்கை கூடியதால் வெளிச்சம் நல்லது என்று அர்த்தம் இல்லை. 5050, 3030, 2835 என்று போட்டிருக்கும் எண்களும் தரத்தைக் குறிப்பவை அல்ல. அவை அந்த எல்இடியின் நீள அகலம். 5050 என்றால் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர், 2835 என்றால் 2.8-க்கு 3.5.

ஓஸ்ராம், பிலிப்ஸ் பெயர்களில் வரும் சில எல்இடி மாற்று பல்புகளுக்கு ஜெர்மனியில் சாலை அனுமதி உண்டு. ஆனால் குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். ஏன் எல்லாக் காருக்கும் கொடுக்கவில்லை? ஒரே பல்ப் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சம் தருகிறது, அதுதான். ஆகவே நண்பன் காரில் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நான்காவது படி: நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள். பழைய சின்ன பல்பின் மஞ்சள் வெளிச்சம் 3000 கெல்வினுக்குக் கொஞ்சம் கீழே. ஹேலஜன் ஹெட்லைட் 3200 அளவில். எல்இடியில் அதிகம் கிடைப்பது 6000, 6500 கெல்வின் வெள்ளை. ஹெட்லைட் ஹேலஜனாக இருந்தால் 4000 முதல் 5000 வரை தேடுங்கள், இரண்டும் ஒட்டிப் போகும். ஹெட்லைட்டோ பகலில் எரியும் விளக்கோ எல்இடியாக இருந்தால் 6000. அதற்கு மேல் 8000, 10000 என்று போகப் போக நீலம் அடிக்கும். நீலத்தில் வெளிச்சமும் குறைவு, மழையில் எடுப்பாகவும் தெரியாது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சாலைச் சோதனையில் நிறுத்திச் சம்மன் கொடுக்கவும் இடம் கொடுக்கும். சிவப்பு, பச்சை, மினுக்கும் ரகம் எதுவும் காரின் முன்பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரே பெட்டியில் வந்த ஜோடியிலேயே ஒன்று பால் வெள்ளையாகவும் மற்றது லேசாக ஊதாவாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் காரணம் சொன்னது என் அக்கா. பினாங்கு பாயான் லெப்பாஸில் எல்இடி தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினெட்டு வருடம் ஷிப்ட் வேலை செய்தவர். "ஒரே தட்டுல வர்றதுகூட ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது தம்பி. நிறத்தை அளந்து பிரிப்போம், வெளிச்சத்தை அளந்து பிரிப்போம், வோல்ட்டை அளந்து பிரிப்போம். பிரிச்சு ஒரே பையில போறதுக்குத்தான் விலை" என்றார். மலிவு பல்ப் செய்கிறவர்கள் பிரிக்காத கலவையை வாங்கிப் போடுகிறார்கள். ஜோடியை எரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்இடி நமக்குப் புதுச் சரக்கும் அல்ல. 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஒன்றான லிட்ரானிக்ஸ், எல்இடி செய்யும் நிறுவனம். பிறகு அது சீமென்ஸ் கைக்கும், அதன்பின் ஓஸ்ராம் கைக்கும் போனது. லூமிலெட்ஸ் தொழிற்சாலையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நம் அக்காமார், அத்தைமார் எத்தனையோ பேர் நுண்ணோக்கி வழியாக இவற்றைப் பார்த்துப் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். அந்த ஊர்க்காரர்களே சாலையில் மங்கலாகவும் மினுக்கியும் எரியும் பல்போடு ஓடுவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஐந்தாவது படி: உள்ளே இருக்கும் சர்க்யூட்

இதுதான் பல்பின் ஆயுளைத் தீர்மானிப்பது. காரில் 12 வோல்ட் என்று சொல்கிறோமே, அது பெயருக்குத்தான். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும், ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வரை ஏற்றிவிடும்.

மலிவு பல்பில் மூன்று எல்இடியை வரிசையாகக் கோத்து ஒரு மின்தடையை வைத்திருப்பார்கள். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு சுமார் 3.1 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் 9.3. பேட்டரி 12 கொடுத்தால் மீதி 2.7 வோல்ட் மின்தடையின் தலையில் விழும். இன்ஜின் ஓடி 14.4 ஆனால் மீதி 5.1. அதாவது காரின் மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பல்புக்குள் ஓடும் மின்சாரமோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. கடையில் பேட்டரியில் வைத்துக் காட்டும்போது நன்றாக இருந்த பல்ப், நெடுஞ்சாலையில் ஈப்போ போய்ச் சேருவதற்குள் வெந்துபோவது இதனால்தான்.

நல்ல பல்பில் மின்தடைக்குப் பதிலாக, ஓடும் மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் டிரைவர் சில்லு இருக்கும். பெட்டியில் "9 முதல் 16 வோல்ட்" அல்லது "12 முதல் 24 வோல்ட்" என்று வீச்சாகப் போட்டிருந்தால் அது ஓர் அடையாளம், உறுதி அல்ல. உறுதி செய்யும் வழி ஏழாவது படியில் இருக்கிறது.

இன்னொன்று, பிளஸ் மைனஸ். எல்இடி ஒரு திசையில்தான் எரியும். நல்ல பல்ப் எப்படி மாட்டினாலும் எரியும்படி உள்ளே ஏற்பாடு இருக்கும். இல்லாததை மாட்டி எரியவில்லை என்றால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழற்றித் திருப்பி மாட்டுங்கள்.

உடம்பு அலுமினியமாக இருந்தால் நல்லது. இழை பல்பின் சூடு கண்ணாடி வழியாகக் கதிராக வெளியே போய்விடும். இழைக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. எல்இடியின் சூடு பின்பக்கமாக, பலகை வழியாகத்தான் இறங்க வேண்டும். அது இறங்க உலோகம் வேண்டும். அதிலும் சின்ன லைட் பல்ப் 55, 60 வாட் ஹேலஜன் எரியும் அதே கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் அடுப்பு எரிகிற மாதிரி. நம் ஊர்ப் பகல் வெயிலில் நிறுத்திய காரில் அது ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கிண்ணம் என்றால் வாட் குறைந்ததையே எடுங்கள். பிளாஸ்டிக் ஜெல்லியால் மூடிய பல்புகளை நான் வாங்குவதில்லை, சூட்டில் மஞ்சளாகின்றன.

ஆறாவது படி: எங்கே வாங்குவது?

பசார் மாலாம் (இரவுச் சந்தை) தட்டிலும், ஆன்லைனில் ஜோடி ஐந்து வெள்ளிக்கும் கிடைப்பதை வாங்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பெயர் பெற்ற நிறுவனத்தின் பல்புக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். ஆனால் ஒருமுறை மாட்டினால் திரும்பக் கைவிட்டுக் கழற்ற வேண்டியதில்லை. ஆன்லைன் என்றால் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் போலி நிறையப் புழங்குகிறது. போலிப் பெட்டியில் எழுத்து மங்கலாக இருக்கும், வாரண்டி விவரம் இருக்காது, பல்பை ஆட்டினால் உள்ளே லொடலொடவென்று கேட்கும். வாரண்டி என்ன, யார் கொடுப்பது, ரசீது வேண்டுமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

பெட்டியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் எண்ணும் இருப்பதைக் காட்டி "ஐரோப்பிய அங்கீகாரம்" என்பார்கள். கவனமாகப் படியுங்கள். அதோடு 10ஆர் என்று இருந்தால், அது மின்காந்த இடைஞ்சல் பற்றிய ஐநா ஒழுங்குமுறை 10. ரேடியோவைக் கெடுக்காது என்று பொருளே தவிர, வெளிச்சத்தை யாரும் சோதித்தார்கள் என்று பொருள் இல்லை. பழைய பல்பில் இருக்கும் ஈ முத்திரை ஒழுங்குமுறை 37-ன் கீழ் வருவது. அது இழை பல்புக்கு மட்டும் உரியது.

ஏழாவது படி: மாட்டுவதற்கு முன் மேசைச் சோதனை

அரை மணி நேர வேலைதான், ஆனால் எனக்கு இதுதான் பிடித்த வேலை. ஒரு மல்டிமீட்டர், இரண்டு வயர், நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரியின் பிளஸிலிருந்து ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு, மீட்டரிலிருந்து பல்பின் ஒரு காலுக்கு, மறு காலிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள், சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வயரைப் பழைய துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஃபியூஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். செத்த பல்பின் ஜோடி இன்னும் எரிகிறது. அதை அளந்தபோது 12.5 வோல்ட்டில் 0.15 ஆம்பியர், 14.3 வோல்ட்டில் 0.25. ஏறிக்கொண்டே போகிறது, டிரைவர் இல்லை. புதிதாக வாங்கியது 12.5-ல் 0.10, 14.3-ல் 0.09. வோல்ட் ஏறும்போது ஆம்பியர் இறங்குகிறது, அதாவது எடுக்கும் வாட் மாறவில்லை. அப்படிக் காட்டினால் உள்ளே நல்ல டிரைவர் இருக்கிறது. ஆம்பியர் மாறாமல் நின்றாலும் சரிதான்.

அடுத்து, புது ஜோடி பல்ப் இரண்டையும் இருபது நிமிடம் எரியவிட்டு, அணைத்ததும் உடம்பைத் தொடுங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடிய வேண்டும். சுரீரென்று கையை எடுக்க வேண்டியிருந்தால், திறந்த மேசையிலேயே இந்தச் சூடு. மூடிய கிண்ணத்துக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எரித்து நிறத்தை ஒப்பிடுங்கள். கைப்பேசிக் கேமராவில் காணொளி எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் பல்ப் வேகமாக மினுக்குகிறது. எரியும்போதே பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். கண் சிமிட்டினால் ஈயப் பற்று சரியில்லை. நம் சாலைக் குழிகளில் அது தாங்காது.

எட்டாவது படி: மாட்டுவது

ஹோல்டரில் செருகிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் காலின் கம்பிகளை நகத்தால் ஒரு சின்ன அளவு வெளியே வளையுங்கள், போதும். அதிகம் வளைத்தால் ஹோல்டரின் ஸ்பிரிங் விரிந்து பழைய பல்பைத் திரும்ப மாட்டினாலும் பிடிக்காது. ஹோல்டரைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். பல்ப் நகரக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறை ஊரில் ஒரு வொர்க்ஷாப்பில் என் மச்சான் காருக்குத் தடிமனான எல்இடியை ஓட்டைக்குள் அழுத்தி மாட்டினார்கள். நாலு மாதம் கழித்து அது மினுக்க ஆரம்பித்தது. கழற்ற ஹோல்டரைத் திருப்பி இழுத்தபோது ஹோல்டர் மட்டும் வந்தது. பல்ப் ஹெட்லைட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம். கடைசியில் பம்பரைக் கழற்றி, ஹெட்லைட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்து ஆட்டித்தான் எடுக்க முடிந்தது. ஒரு முழுச் சனிக்கிழமை போனது. செருகும்போது எதுவும் உரசாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் அந்த பல்ப் உங்கள் காருக்கு இல்லை.

ஹோல்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைத் துடைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிப் பூட்டுங்கள். அது நகர்ந்திருந்தால் ஒரே மழையில் ஹெட்லைட்டுக்குள் நீராவி படியும்.

முதலில் ஒரு பக்கம் மட்டும் எல்இடி மாட்டுங்கள், மறுபக்கம் பழைய பல்ப் இருக்கட்டும். இருட்டியதும், எட்டு மணி போல, கார் நிறுத்துமிடத்தில் இருபது அடி தள்ளி நின்று நேராகப் பாருங்கள். பிறகு இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் நடந்து பாருங்கள். பக்கத்தில் போனதும் எல்இடி பழைய பல்பைவிட மங்கினால், அது உங்கள் கிண்ணத்துக்கு ஒத்துவரவில்லை. காரின் அழகு கூடினாலும் அதன் வேலையைச் செய்யவில்லை. அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரேடியோவையும் சோதியுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் நிறுத்தி மின்னல் எஃப்எம் வைத்துச் சின்ன லைட்டைப் போட்டு அணைத்துப் பாருங்கள். லைட் போட்டதும் இரைச்சல் வந்தால் டிரைவரின் குறை அது. வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்துப் பல்பை ஒருமுறை வெளியே எடுத்து, ஹோல்டர் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கிறதா, பல்பின் கால் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் மாட்டிய தேதியை ஹோல்டரின் பின்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பழைய இரண்டு பல்பையும் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். கார் கைமாறும்போது புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டி வந்தால், முந்தின நாள் அவற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு போகலாம். நள்ளிரவில் எல்இடி போய்விட்டாலும் கைவசம் ஒன்று இருக்கும்.